8 கிராம் ஆக்சிஜனும் ஒரு மூட்டை பட்டனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் பத்தாம் வகுப்பு அறிவியலுக்காக ஆறு மோல் கணக்குகளும் விடைகளும் வந்திருந்தன. (மோல் என்பது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை; ஒரு மோல் என்றால் 6.022 × 10²³.) அவற்றில் கடைசிக் கணக்கின் விடை தவறு. "8 கிராம் ஆக்சிஜனில் உள்ள மூலக்கூறுகள் எத்தனை?" என்று கேட்டு, 8-ஐ 16-ஆல் வகுத்து அரை மோல் என்று எடுத்து, 3.011 × 10²³ என்று விடை போட்டிருக்கிறார்கள். 16 என்பது ஆக்சிஜன் அணுவின் நிறை. கேள்வியோ மூலக்கூறைப் பற்றியது. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. அதனால் ஒரு மோல் மூலக்கூறு 32 கிராம். 8-ஐ 32-ஆல் வகுத்தால் கால் மோல், அதாவது 1.5055 × 10²³ மூலக்கூறுகள். அச்சில் வந்த எண் அந்த 8 கிராமில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை.

திருத்தம் மட்டும் கேட்பதென்றால் இந்த நான்கு வரி போதும். நான் நீளமாக எழுதுவதற்குக் காரணம் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலமானால் அவளும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வருவார்கள். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்து அவளே ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறின் நிறை என்ன என்பது கேள்வி. ஒரு மோல் தண்ணீரின் நிறையான 18 கிராமை 6.022 × 10²³-ஆல் வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்டாள். 1.08 × 10²⁵ கிராம் என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அந்த எண்ணைக் கிலோவாக்கிப் பார்த்தேன். நிலாவின் நிறையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வருகிறது. "ஏங்கண்ணு, ஒரு துளித் தண்ணியில கணக்கில்லாத மூலக்கூறு இருக்குது. அதுல ஒண்ணு இத்தனை எடை இருக்குமா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியலீங்க அத்தை. ஃபார்முலால பெருக்கணுமா வகுக்கணுமானு மறந்துபோச்சு" என்றாள். அப்புறம் அழுதுவிட்டாள். வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பிள்ளை அவள். கணக்கில் வீக் என்று அவளைச் சொல்லவே முடியாது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு முக்கோணம்தான். மேலே நிறை, கீழே மோலும் மூலக்கூறு நிறையும். எது வேண்டுமோ அதை விரலால் மூடிக்கொள்ள வேண்டியது. எந்த எண்ணை எங்கே போடுவது என்று அந்த முக்கோணம் சொல்லாது. உங்கள் பக்கத்தில் கணக்குப் போட்டவரும் அங்கேதான் தவறியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நான் வேதியியல் பட்டம் படித்தவள். ஆனால் மோல் எனக்குப் புரிந்த இடம் கல்லூரி இல்லை. படித்து முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். நூல்கண்டு, லேபிள், ஜிப், பட்டன் எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். முதல் வாரமே ஒரு மூட்டை பட்டன் வந்தது. காலர் வைத்த டி-சர்ட் பத்தாயிரம் பீஸ் ஆர்டர். பீஸுக்கு மூன்று பட்டன், உள்ளே தைக்கிற உபரி ஒன்று, ஆக நாற்பதாயிரம் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நான் தரையில் உட்கார்ந்து பத்துப் பத்தாகக் கூட்டி எண்ண ஆரம்பித்தேன். மதியம் வரைக்கும் இரண்டாயிரம்கூட ஆகவில்லை.

ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வந்து, "அம்மிணி, எண்ணாதே. நூறை மட்டும் எண்ணி நிறு. அப்புறம் மூட்டையைத் தூக்கி வை" என்றார். நூறு பட்டன் 32 கிராம் இருந்தது. மூட்டை, சாக்கு எடை போக 12 கிலோ 800 கிராம். 12,800-ஐ 32-ஆல் வகுத்தால் 400 வருகிறது. நானூறு நூறு, நாற்பதாயிரம். பத்து நிமிட வேலை.

மோல் என்பது இவ்வளவுதான். எண்ண முடியாத பொருளை நிறுத்து எண்ணுவது. பட்டன் வியாபாரிகள் குரோஸ் கணக்கில் விலை பேசுவார்கள், ஒரு குரோஸ் என்றால் 144. மளிகைக் கடையில் முட்டைக்கு டஜன். அணுவும் மூலக்கூறும் மிகச் சிறியவை என்பதால் அவற்றின் குரோஸ் மிகப் பெரியது, 6.022 × 10²³. நம் கணக்கில் சொன்னால் 602 கோடி கோடி கோடிக்குக் கொஞ்சம் மேலே. நூறு பட்டன் 32 கிராம் என்று அன்றைக்கு நான் சாக்பீஸால் பலகையில் எழுதி வைத்ததைப் போல, ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஒரு மோல் சமையல் உப்பு 58.5 கிராம் என்று வேதியியலார் எழுதி வைத்திருக்கிறார்கள். கிராமிலிருந்து மோலுக்குப் போவது மூட்டையை நிறுத்து நூறுகளாக்குகிற வேலை. மோலிலிருந்து மூலக்கூறுக்குப் போவது நானூறு நூறை நாற்பதாயிரமாக்குகிற வேலை. இதை ஒருமுறை கையால் செய்து பார்த்த பிள்ளை, எங்கே பெருக்குவது எங்கே வகுப்பது என்று யாரையும் கேட்காது.

அந்த ஸ்டோரில் கற்றுக்கொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்தான். குழந்தைகள் துணிக்கு டிச் பட்டன் வைப்பார்கள். மேல்பாகம் தனி மூட்டை, கீழ்பாகம் தனி மூட்டை. இரண்டும் சம எண்ணிக்கையில் லைனுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மிஞ்சி ஒன்று போதாமல் மெஷின் நிற்கும். மேல்பாகம் ஒன்று கீழ்பாகம் ஒன்றைப் போல ஒன்றரை மடங்கு எடை என்று தெரிந்தால் போதும். கீழ்பாகம் 2 கிலோவும் மேல்பாகம் 3 கிலோவும் நிறுத்துக் கொடுத்தால் எண்ணிக்கை சமமாகிவிடும். அது எத்தனை ஆயிரம் என்று தெரியவே வேண்டாம். வேதியியல் வளர்ந்ததும் இப்படித்தான். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகள் சம எண்ணிக்கையில் இருக்கும் என்று இத்தாலியரான அவகாட்ரோ சொன்னது 1811-இல். 1856-இல் அவர் இறக்கும்போது, இன்று அவர் பெயரில் வழங்கும் அந்த 6.022 × 10²³ என்ற எண் யாருக்கும் தெரியாது. 1865-இல் லோஷ்மிட் என்ற ஆஸ்திரியர்தான் மூலக்கூறு எவ்வளவு சிறியது என்று முதலில் மதிப்பிட்டார். எண்ணைத் திருத்தமாக அளந்து, அதற்கு அவகாட்ரோவின் பெயரை வைத்தவர் பிரான்சின் ழான் பெரன், 1909-இல். அவருக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை உலகத்தின் வேதியியல் கணக்கெல்லாம் டிச் பட்டன் மூட்டையைப் போல ஒப்பு நிறையை மட்டும் வைத்தே சரியாக நடந்து வந்திருக்கிறது. நம் பாடப்புத்தகத்தில் ஒப்பு அணு நிறை என்று வருகிறதே, அது இந்த ஒன்றரை மடங்குதான்.

(பழைய புத்தகங்களில் 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஒரு மோல் என்று இருக்கும். 2019 மே 20-லிருந்து 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். பள்ளிக் கணக்குக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை.)

இனி உங்கள் ஆறாவது கணக்குக்கு வருகிறேன். திருப்பூரில் யாரும் பத்தாயிரம் ஆர்டர் என்று சொன்னால், பத்தாயிரம் பீஸா, செட்டா என்றுதான் முதலில் கேட்போம். மேல்சட்டையும் கால்சட்டையும் சேர்ந்தது ஒரு செட். பத்தாயிரம் செட் என்றால் இருபதாயிரம் பீஸ். ஆக்சிஜன் வாயு செட்டாக வருகிற சரக்கு, இரண்டு அணு ஒரு மூலக்கூறு. "ஒரு மோல் ஆக்சிஜன்" என்று மொட்டையாகச் சொன்னால் பீஸா செட்டா என்று தெரியாது. அணு என்றால் 16, மூலக்கூறு என்றால் 32. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் குளோரினும் இப்படித்தான். இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகாததால்தான் பிள்ளைகள் மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள். விடைத்தாளில் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வலித்திருக்கிறது.

மார்க்கோடு போகிற விஷயமும் இல்லை இது. என் தம்பி சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். அவர்கள் பட்டறையில் போட்டது சோடியம் சல்பேட், கிளாபர் உப்பு என்பார்கள். நீரற்ற தூளாக வந்துகொண்டிருந்த சரக்குக்குப் பதில் ஒருநாள் கண்ணாடிக்கல் மாதிரி படிகமாக வந்தது. அதுவும் சோடியம் சல்பேட்தான் என்று சொல்லி, தூளுக்கு எத்தனை கிலோவோ அதே கிலோவைப் போடச் சொல்லிவிட்டார்கள். தூளின் ஒரு மோல் 142 கிராம். படிகத்தின் ஒவ்வொரு சோடியம் சல்பேட்டோடும் பத்துத் தண்ணீர் மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அதன் ஒரு மோல் 322 கிராம். 100 கிலோ படிகத்தில் உப்பு 44 கிலோதான், மீதி 56 கிலோ தண்ணீர். பாதிக்கும் குறைவான உப்பு. சாயம் துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிட்டது, துணி வெளிறி வந்தது. அந்த லாட் முழுவதும் திரும்பச் சாயம் போட வேண்டியதாயிற்று. ஏறாத சாயம் கழிவுநீரோடு போயிற்று. நொய்யல் பட்ட பாடும், 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் நாங்கள். அன்றைக்கு 322-ஐ 142-ஆல் வகுத்துப் பார்க்க அங்கே ஒருவருக்குத் தோன்றியிருந்தால், கிலோவுக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் போட வேண்டும் என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு வரை வேதியியல் படித்தவன். மோல் பாடத்தை அவன் தேர்வுக்காக மனப்பாடம் செய்தான். பட்டறையில் அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். முக்கோணத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் எல்லோரையும் ஆளுக்கொரு சாமான் கொண்டுவரச் சொன்னேன். சமையலறை எடை மெஷின் என்னிடம் இருக்கிறது. திண்ணையில் வரிசையாக டம்ளர்களை வைத்து நிறுத்தோம். தண்ணீர் 18 கிராம், ஆப்பசோடா 84 கிராம், உப்பு 58.5 கிராம், அஸ்கா என்று நாங்கள் சொல்கிற வெள்ளைச் சர்க்கரை 342 கிராம். மூன்று அங்குல ஆணி 56 கிராம். மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் வாங்கி வந்த தாமிரக் கம்பி 63.5 கிராம். எங்கள் மெஷின் அரை கிராமைக் காட்டாது, அதனால் 58-க்கும் 59-க்கும் நடுவே குத்துமதிப்பாக விட்டோம். நாட்டுச்சர்க்கரை கொண்டுவந்த பையனிடம், அதில் சர்க்கரையோடு வேறு சத்தும் ஈரமும் கலந்திருப்பதால் ஒரே எண் சொல்ல முடியாது, அஸ்காவே எடுத்துக்கொள்வோம் என்று சொன்னேன்.

தண்ணீர் டம்ளரில் அடியில் ஒரு மடக்கு. அஸ்கா டம்ளர் நிரம்பி, இன்னொரு டம்ளரும் தேவைப்பட்டது. "எல்லாத்துலயும் ஒரு மோல்தான் இருக்குது" என்று சொன்னபோது பிள்ளைகள் டம்ளர்களையே மாறி மாறிப் பார்த்தார்கள். சின்னப் பட்டன் நூறும் பெரிய பட்டன் நூறும் ஒரே எடை இருக்குமா என்று கேட்டேன். இருக்காதே என்றார்கள். ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒரு தண்ணீர் மூலக்கூறைப் போல 19 மடங்கு கனம். 342-ஐ 18-ஆல் வகுத்து அதை அந்தப் பெண்ணே கண்டுபிடித்தாள்.

அப்புறம் அந்த ஒரு மடக்குத் தண்ணீரை எண்ணுவது பற்றிப் பேசினோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 7.2 கோடிப் பேர். அத்தனை பேரும் தூங்காமல், சாப்பிடாமல், நொடிக்கு ஒன்று என்று எண்ணினால் அந்த 18 கிராமை எண்ணி முடிக்க 26 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். போட்டுப் பார்த்துவிட்டு ஒரு பையன் கால்குலேட்டர் தப்பு என்று சொல்லி இரண்டாம் முறையும் போட்டான். எண் அத்தனை பெரிது என்று தெரிந்தபின், ஒரு மூலக்கூறின் நிறைக்கு 18-ஐ எதனால் வகுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அவள் 2.99 × 10⁻²³ கிராம் என்று எழுதிக் காட்டினாள்.

அன்று இரவு அவள் வீட்டில் யூரியா மூட்டையைக் கையில் எடுத்திருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் அவளுடைய அப்பாவும் கூடவே வந்துவிட்டார். மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிறவர். மூட்டை 45 கிலோ. யூரியாவில் கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. 12-ம் 16-ம் 28-ம் 4-ம் கூட்டினால் 60. 45,000 கிராமை 60-ஆல் வகுத்தால் 750 மோல். ஒரு யூரியாவுக்கு இரண்டு நைட்ரஜன் என்பதால் 1,500 மோல் நைட்ரஜன் அணு. அதை 14-ஆல் பெருக்கினால் 21 கிலோ. மூட்டையிலோ 46 சதவீதம் என்று போட்டிருக்கிறது, அந்தக் கணக்கில் 20.7 கிலோதான் வருகிறது, 300 கிராம் எங்கே போச்சு என்பது அவள் கேள்வி. சுத்தமான யூரியாவில் 46.67 சதவீதம் நைட்ரஜன். மூட்டையில் வருவதில் கொஞ்சம் ஈரம், வேப்பெண்ணெய்ப் பூச்சு, தயாரிப்பின்போது சேரும் பையூரெட் என்ற பொருள் எல்லாம் உண்டு. அதனால் 46 என்று உறுதி சொல்லி விற்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் கேட்டது வேறு. நைட்ரஜனைத்தான் விவசாயிகள் தழைச்சத்து என்பார்கள். "ஏனுங், அப்ப மூட்டையில பாதிக்கு மேல தழைச்சத்தே இல்லீங்களா?" இத்தனை வருடம் மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போட்டவர், மகள் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அம்மோனியம் சல்பேட்டுக்கும் இதே மாதிரி போடச் சொன்னார். சுத்தமானதில் 132 கிராமுக்கு 28 கிராம் நைட்ரஜன், 21 சதவீதம். ஒரே தழைச்சத்துக்கு எந்த மூட்டை எத்தனை வேண்டும் என்று அப்பாவும் மகளும் திண்ணையிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் இந்தக் கடிதம்.

வாயுக் கணக்கு ஒன்றும் உங்கள் ஆறில் இருந்தது, மூன்றாவது கணக்கு. விடை சரி. ஆனால் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டார்கள். அது 0 டிகிரி வெப்பநிலையில், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதே ஒரு மோல் 25 லிட்டரைத் தாண்டிவிடும். இந்த நிபந்தனையையும் ஒரு வரி சேர்த்துப் போட்டால் நல்லது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தேர்வுக்குள் பாடத்தை முடிக்க வேண்டிய அவர்கள் பாடு எனக்குத் தெரியும். மோல் பாடத்துக்கு ஒரு பீரியட் மட்டும் சூத்திரம் எழுதாமல், ஒரு தராசையும் ஒரு பை பட்டனையும் வைத்து நடத்திப் பாருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டன் கிடைக்காத ஊரில் கொண்டைக்கடலை போதும். இதே பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் வேதியியல் முதல் பாடமே இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

தங்களிடம் கேட்பது இரண்டு. ஆறாவது கணக்கின் விடையைத் திருத்தும்போது, எண்ணை மட்டும் மாற்றாமல், 8 கிராமில் மூலக்கூறுகள் 1.5055 × 10²³, அணுக்கள் 3.011 × 10²³ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அடுத்த முறை மோல் கணக்குகள் வெளியிடும்போது, முதல் கணக்காக இந்த 12 கிலோ 800 கிராம் பட்டன் மூட்டையைப் போடுங்கள். முதல் இடைப்பருவத் தேர்வு வரப்போகிறது. இந்த வாரப் பக்கத்திலேயே திருத்தம் வந்துவிட்டால், அந்தப் பெண்ணைப் போலக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிற பிள்ளைகள் அதன்மேலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.